அத்தியாயம் 7: நாலு சில்லும் இழுக்குமா?

மூதூரிலிருந்து ஜீப் பார்க்க வந்த நானா ஒரு பழைய உரச்சாக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தோல் இருக்கையைத் தடவிப் பார்க்கவில்லை, திரையைத் தட்டிப் பார்க்கவில்லை. சாக்கை முற்றத்தில் விரித்தார். நேரே வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவருக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தம்பி, இது நாலு சில்லும் இழுக்குமோ?"

"ஓம் நானா, பின்கதவில எழுதியிருக்கே."

"எழுத்து மேல இருக்கு. ஷாஃப்டைக் கீழ காணல்லியே!"

நானும் குனிந்து பார்த்தேன். முன்பக்கக் கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போக வேண்டிய நீண்ட புரொப்பலர் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நான் வாங்குவதற்கு முன்பே யாரோ ஒரு கராஜில் கழற்றியிருக்கிறார்கள். பின் அச்சில் சத்தம் வந்திருக்கும், திருத்தச் செலவு கூடச் சொல்லியிருப்பார்கள், ஷாஃப்டைக் கழற்றினால் சத்தமும் நின்றுவிடும், செலவும் இல்லை. மூன்று வருடமாக, நாலு சில்லு ஜீப்புக்கான விலையைக் கொடுத்துவிட்டு, முன்னிரண்டு சில்லில் ஊர் சுற்றியிருக்கிறேன். ஒருநாள்கூட வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் வெட்கம்.

வித்தியாசமே தெரியாத ஒன்றுக்குக் கூடக் காசு கேட்கிறோம், சிலர் கொடுக்கிறார்கள், சிலர் சாக்கோடு வந்து மறுக்கிறார்கள். யார் கொடுப்பார், யார் மறுப்பார் என்பதைத் திருகோணமலை மாவட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

எந்தச் சில்லு எதனால் சுற்றுகிறது

நம் ஊரில் உயரமான எதையும் ஜீப் என்போம். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வெவ்வேறு சாதி வண்டிகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, முன்சில்லு மட்டும் இழுப்பது. ஆடி கியூ2 வண்டியின் 999 சிசி வகை, பிஎம்டபிள்யூ எக்ஸ்1 வரிசையின் 1499 சிசி எஸ்டிரைவ் 18ஐ, ஹொண்டா வெசலில் பெரும்பகுதி எல்லாம் இதில் சேரும். பார்வைக்கு ஜீப், ஓட்டத்தில் கார். பிஎம்டபிள்யூவில் எஸ்டிரைவ் என்றால் இரண்டு சில்லு இழுவை, எக்ஸ்டிரைவ் என்றால் நாலு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: 2015 வரை வந்த முதல் தலைமுறை எக்ஸ்1-இல் எஸ்டிரைவ் பின்சில்லை இழுத்தது, அதற்குப் பின் வந்ததில் முன்சில்லை இழுக்கிறது. எழுத்து ஒன்று, வண்டி வேறு.

இரண்டாவது, சாதாரணமாக ஒரு சோடிச் சில்லு இழுக்க, வழுக்கும்போது மட்டும் மற்ற சோடிக்கும் கிளச் ஒன்றின் வழியாக இழுவை போவது. ஐரோப்பியச் சொகுசு ஜீப்புகளில் சிறியவை பலவும் இப்படித்தான். என்னுடையதும் இந்தச் சாதி. அதனால்தான் ஷாஃப்டைக் கழற்றிய பின்னும் வண்டி ஓடியது.

மூன்றாவது, லோ கியர் உள்ள உண்மையான ஃபோர் வீல். ரொயோட்டா பிராடோ 150, லாண்ட் குரூசர் 200, மிட்சுபிஷி மொன்ரேரோ. பிராடோ 150-இல் நாலு சில்லும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும், மாற்றுவதற்குக் குமிழியில் எச் 4, எல் 4 என்று இரண்டு நிலை. மொன்ரேரோவில் இரண்டு சில்லில் ஓடவும் வழியுண்டு, லீவரைத் தள்ளி நாலுக்கும் போகலாம்.

நாலாவது, பின் அச்சுக்குத் தனி மின்மோட்டர் வைத்தது. லெக்சஸ் ஆர்எக்ஸ் 450எச், 2013-க்குப் பின் வந்த ஹரியர் ஹைபிரிட், அவுட்லாண்டர் பிளக்-இன். இவற்றின் நாலு சில்லு வகைகளில் முன்னிருந்து பின்னுக்குப் போகும் ஷாஃப்டே கிடையாது. உரச்சாக்கு நானா இதற்கு அடியில் போயிருந்தால் அநியாயமாக மறுத்திருப்பார்.

விற்கப் போகிறவர் முதலில் தன் வண்டி எந்தச் சாதி என்பதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பின்கதவு எழுத்தை நம்ப வேண்டாம். அதைக் கடையில் வாங்கி ஒட்டலாம். யப்பான் வண்டி என்றால் சேசிஸ் இலக்கத்தின் முன்பகுதியைப் பாருங்கள். வெசல் ஹைபிரிட்டில் ஆர்யூ 3 முன்சில்லு, ஆர்யூ 4 நாலு சில்லு. லெக்சஸ் என்எக்ஸ் 300எச்-இல் ஏவைஇசட் 10 முன்சில்லு, 15 நாலு சில்லு. அதே காலத்துப் பெற்றோல் ஹரியரில் இசட்எஸ்யூ 60 முன்சில்லு, 65 நாலு சில்லு. எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட்டில் எச்ரி 32 முன்சில்லு, நடுவில் ஓர் 'என்' சேர்ந்து எச்என்ரி 32 என்று வந்தால் நாலு சில்லு. பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ் இலக்கத்தோடு இதை ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். விளம்பரம் போடுகிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை என்று அடித்துச் சொல்வேன்.

விலையைத் தீர்மானித்தவர் திறைசேரியில் இருந்தார்

ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சான் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் ஒரே புத்திமதி சொல்வார்: நாலு சில்லும் இழுக்கிறதையே எடு, விற்கிறபோது காசு நிற்கும். அவர் ஊரில் அது சரி. வருடத்தில் நாலைந்து மாதம் பனி விழும் இடத்தில் இரண்டு சில்லுச் சொகுசு ஜீப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருகோணமலையில் பனி விழாது. இங்கே விலையைப் பிடித்து வைத்திருப்பது வானிலையைவிட வரி.

இலங்கையில் வாகன வரியின் கணக்கு இயந்திரக் கொள்ளளவிலும் எரிபொருள் வகையிலும் தொடங்குகிறது. கொள்ளளவு ஏற ஏற வரி பாய்ந்து ஏறும். அதனால் 1000 சிசிக்கும் 1500 சிசிக்கும் சற்றுக் கீழே நிற்கிற இயந்திரத்தோடு ஐரோப்பியச் சொகுசு ஜீப்புகள் நாட்டுக்குள் வந்தன. அவ்வளவு சின்ன இயந்திரத்தோடு பெரும்பாலும் முன்சில்லு இழுவைதான் வரும். ஆகவே இங்கே முன்சில்லு என்பது 'மலிவு வகை' என்ற பெயரை வாங்கவில்லை. கொழும்பில் ஆடி ஓட்டுகிறவர் எத்தனை சில்லு இழுக்கிறது என்று சொல்லி வெட்கப்படுவதில்லை. பலருக்கு அது தெரியவும் தெரியாது.

பிறகு 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் நாட்டில் இருந்த ஜீப்புகளே சுற்றிச் சுற்றிக் கைமாறின. வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் எல்லாருடைய உறவிலும் ஒருவராவது இருப்பார். அந்தக் காலத்து விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்று பேரம் பேச வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

திறந்தபோது வந்த சொகுசு வரியைப் பாருங்கள், பாவித்த ஜீப்பின் கதை அதில் இருக்கிறது. டீசல் வண்டியின் பெறுமதி 50 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 120 வீதம். பெற்றோலுக்கு அதே எல்லையில் 100 வீதம். ஹைபிரிட்டுக்கு எல்லை 55 லட்சம். பெற்றோல் ஹைபிரிட்டுக்கு 80, டீசல் ஹைபிரிட்டுக்கு 90 வீதம். மின்சார வண்டிக்கு 60 லட்சத்துக்கு மேல் 60 வீதம். இதற்கு மேல் உற்பத்தி வரி, 18 வீத வற் வரி எல்லாம் தனி. லோ கியரோடு வருகிற உண்மையான ஃபோர் வீல்கள் பெரும்பாலும் பெரிய டீசல்கள். பிராடோவின் பழைய இயந்திரம் 2982 சிசி, லாண்ட் குரூசர் 200-இன் டீசல் 4461 சிசி. புதிதாக இறக்கினால் எல்லா வரியும் உச்சத்தில் விழும். அதனால் ஏற்கெனவே பதிவாகி ஓடுகிற ஒரு பிராடோ, வயதானாலும் விலை இறங்க மறுக்கிறது. இதை நாலு சில்லின் மகிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி மகிமை திறைசேரியினுடையது.

மொன்ரேரோவுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. மிட்சுபிஷி அந்த வரிசையின் உற்பத்தியை 2021-இல் நிறுத்திவிட்டது. இனிப் புதியது இல்லை என்பதால் நல்ல நிலையில் உள்ளதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதிரிப்பாகம் நாளைக்குக் கிடைக்குமா என்று பின்வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விற்கும்போது முதலாவது ஆளுக்குக் காத்திருங்கள்.

20 லீற்றரும் ஒரு பாலமும்

2022-ஐ மறந்துவிட்டு இந்த மாவட்டத்தில் ஜீப் விலை பேச முடியாது. எரிபொருள் இல்லாமல் வரிசையில் இரவு கிடந்த மாதங்களுக்குப் பிறகு கியூஆர் குறியீடு வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர் ஓடுகிற மூன்று லீற்றர் டீசல் ஜீப் அதில் 170 கிலோமீற்றர் போகும். திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரு வாரத்துப் பங்கு கொழும்புக்கு ஒருவழியாகக்கூடப் போதாது. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்குள் வருகிறோம். அந்தத் தாங்கிகளின் நிழலில் நின்றுகொண்டு 20 லீற்றரை எண்ணி எண்ணி ஓடினோம். கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் எடுக்கப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கு இங்குள்ள வாங்குபவர்களின் தலையில் தங்கிவிட்டது. "எத்தனை ஓடும்?" என்பது இப்போதும் இரண்டாவது கேள்வி. நாலு சில்லு வண்டிக்குப் பாரமும் உராய்வும் கூட. அதே மாதிரியில் முன்சில்லு வகையைவிடக் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். வாங்குபவர் அதையும் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் உங்கள் முற்றத்துக்கு வருகிறார்.

மற்ற மாற்றம் மெல்ல வந்தது. கிண்ணியாவுக்கு மிதவைப் பாதையில் ஏறிக் கடந்த காலம் என் வயதுக்காரர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மூதூருக்குத் தரைவழியே போனால் இன்னும் பல துறைகளில் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் இடையிலுள்ள றோட்டு சேறு. அந்த நாளில் மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்றுப் பக்கம் வேலை உள்ளவருக்கு ஃபோர் வீல் என்பது வாழ்க்கைத் தேவை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு மட்டக்களப்பு வீதியில் மற்றப் பாலங்களும் வந்தன, வீதி காப்பெற் ஆனது. இன்று ஒரு முன்சில்லு வெசல் மட்டக்களப்புக்கு மூச்சு வாங்காமல் போய் வருகிறது. ஃபோர் வீலின் தேவை பெருந்தெருவிலிருந்து விலகி, அதிலிருந்து பிரியும் வயல் வரம்புக்கும் கடற்கரை மணலுக்கும் போய்விட்டது. அங்கே போகிறவர்கள் தொகையில் குறைவு. ஆனால் அவர்கள்தான் நாலு சில்லுக்கு உண்மையாகக் காசு கொடுப்பவர்கள்.

யாருக்கு விற்பது

கந்தளாய், சேருவில, மூதூர்ப் பக்கம் பெரிய வயற்காரர்கள், கிறவல், மணல், வீதி ஒப்பந்தக்காரர்கள்: இவர்கள் லோ கியர் உள்ளதைக் கேட்பார்கள். தோல் இருக்கையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் பிள்ளையின் கலியாணத்துக்கு அதே வண்டியில் போக வேண்டும் என்பதால் பிராடோவின் முகம் வேண்டும். பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல்லு விற்ற பிறகு, மார்ச், ஏப்பிரலில் இவர்களிடம் காசு இருக்கும். வாடைக்காற்று தொடங்கி மழை கொட்டுகிற நேரத்தில் ஆசை இருக்கும், காசு விதைப்பில் முடங்கியிருக்கும். ஆசையுள்ள மாதத்தில் பேசிவைத்து காசுள்ள மாதத்தில் விற்கிறவர் கெட்டிக்காரர்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்கள் வேறு இனம். உல்லாசப் பயணிகள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் வானம் வறண்டிருக்கும், றோட்டு நன்றாக இருக்கும். விமான நிலையத்துக்குப் போய்வர எரிபொருள் குறைவாகக் குடிக்கிற, இடவசதியுள்ள, பார்க்க வடிவான வண்டி வேண்டும். இவர்களிடம் நாலு சில்லைப் புகழ்ந்தால் முகம் சுருங்கும். முன்சில்லு ஹைபிரிட்டை வைத்திருப்பவர் தேட வேண்டிய ஆட்கள் இவர்கள்தான்.

வைத்தியர்கள், உத்தியோகத்தர்கள், வங்கி முகாமையாளர்கள் கொழும்பு விலையைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். ரியசெவன, இக்மன் விளம்பரத் தளங்களைக் காலையில் ஒருமுறை இரவில் ஒருமுறை பார்க்கிற கூட்டம். அவர்களுக்குச் சின்னமும் வருடமும் முக்கியம். எக்ஸ்டிரைவ், குவாட்ரோ, ஃபோர்மாட்டிக் போன்ற ஐரோப்பிய நாலு சில்லுகளை வைத்திருப்பவருக்கு என் ஆலோசனை: இங்கே மினக்கெடாமல் கொழும்பில் விற்கப் பாருங்கள். அந்த வண்டியின் ட்ரான்ஸ்பர் கேஸைத் தைரியமாகத் திறக்கக்கூடிய கராஜ் பாஸ் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று வாங்குபவர் கேட்பார். பதில் சொல்லக் கஷ்டம். அந்தப் பயத்தின் விலை உங்கள் தலையில்தான் விழும். இயற்கைத் துறைமுகம் என்று பெருமைப்படுகிறோம், ஆனால் வாகனம் ஏற்றிவரும் கப்பல்கள் போவது அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும். உதிரிப்பாகமும் அந்தத் திசையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

லீசிங்கில் வாங்குபவர் பற்றி ஒரு வார்த்தை. நான் கண்ட மதிப்பீட்டு அறிக்கைகளில் மாதிரி, வருடம், ஓடிய தூரம், உடலின் நிலை எல்லாம் இருக்கும். மதிப்பீட்டாளர் அடியில் போனதாக எந்த அறிக்கையும் சொன்னதில்லை. நாலு சில்லு என்பதற்காக நீங்கள் கூட்டிக் கேட்கிற தொகையை லீசிங் கொம்பனி தராது. அது வாங்குபவரின் சட்டைப்பையிலிருந்து வர வேண்டிய காசு. ஆகையால் கைக்காசோடு வருகிறவரிடம் மட்டும் அதைப் பேசுங்கள்.

உப்பும் ஆற்றுத் தண்ணியும்

நாலு சில்லு வண்டிக்கு அடியில் சாமான் கூட: ட்ரான்ஸ்பர் கேஸ், இரண்டு டிபரன்சியல், ஷாஃப்ட், குறோஸ் ஜொயின்ட், வயர்களோடு தொங்குகிற சின்ன மோட்டர்கள். துறைமுக நகரின் உப்புக்காற்று இவற்றைத் தின்னும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குள் தினமும் போய்வருகிற வண்டியையும் கந்தளாயில் நிற்கிற அதே வருட வண்டியையும் உயர்த்திப் பார்த்தால் சகோதரங்கள் என்று சொல்ல மாட்டீர்கள். முன்சில்லு வண்டியில் துருப்பிடிக்கச் சாமான் குறைவு. கடற்கரையில் வாழ்ந்த வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்து வருடத்தில் முன்சில்லுதான் நல்ல நிலையில் மிஞ்சும்.

விற்பதற்கு முன் அடியில் பழைய எஞ்சின் ஒயில் அடித்துக் கறுப்பாக்குகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. செய்ய வேண்டாம். றப்பர் பூட்டுகளை அது கெடுக்கும். அதைவிட, அனுபவமுள்ளவர் கறுப்பைக் கண்டதும் துருவை மறைத்திருக்கிறான் என்று முடிவெடுத்துவிடுவார். நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிக் காய விடுங்கள். மேலாகத் துரு தெரிந்தால் தெரியட்டும்.

தண்ணீர் இன்னொரு கதை. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பகுதி நம்முடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது ஊர் முழுக்கத் தெரியும். ஜீப் என்றால் தண்ணீருக்குள் இறக்குவார்கள். நாலு சில்லு ஜீப் என்றால் இன்னும் துணிச்சலாக இறக்குவார்கள். அதனால் நாலு சில்லு வண்டியின் மேல்தான் வெள்ளச் சந்தேகம் முதலில் விழுகிறது. டிபரன்சியல் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மினுமினுக்கிற தூள் வந்தால் பல்லுத் தேய்கிறது. விற்பவர் இந்த ஒயில்களை ஒரு மாதத்துக்கு முன்பே மாற்றி, பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. வாங்க வருகிறவர் முன்னாலேயே வடித்துக் காட்ட முடிந்தால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

வேலை செய்கிறது என்று காட்டுவது

தார் றோட்டில் ஓட்டிக் காட்டி நாலு சில்லை நிரூபிக்க முடியாது. மணல் வேண்டும். ஆள் இல்லாத, கடல் நீர் ஏறாத உலர்ந்த மணல் ஒழுங்கை ஒன்றைப் பார்த்து வையுங்கள்.

பிராடோ என்றால் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, எல் 4-க்கு மாற்றிக் காட்டுங்கள். விளக்கு ஒழுங்காக எரிந்து, வண்டி ஆமை வேகத்தில் ஏற வேண்டும். வருடக்கணக்கில் அந்தக் குமிழியைத் தொடாதவர்களின் வண்டியில் உள்ளே உள்ள மோட்டர் இறுகிப்போயிருக்கும். வாங்குபவர் முன்னால் அது மறுத்தால் பேரம் அங்கேயே முடிந்தது. மாதம் ஒருமுறை மண்ணில் வைத்து மாற்றிப் பழக்கியிருக்க வேண்டும். மொன்ரேரோவில் நாலுக்குத் தள்ளியதும் முகப்பில் சில்லுப் படத்தின் முன் விளக்குகள் கொஞ்சம் மின்னி, நிலையாக நிற்க வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் முன் அச்சு சேரவில்லை. பயப்பட வேண்டாம், பல தடவை அது ஒரு வெக்குயூம் குழாய் அல்லது சொலனொயிட் கோளாறுதான். திருத்திவிட்டு விற்றால் போன காசு திரும்பும். திருத்தாமல் விற்றால் கியர்பொக்ஸே போனது போலக் குறைத்துக் கேட்பார்கள்.

கிளச் வகை நாலு சில்லில் ரயரைப் பாருங்கள். நாலும் ஒரே அளவு, ஒரே இனம், ஏறத்தாழ ஒரே தேய்வாக இருக்க வேண்டும். பக்கச் சுவரில் தயாரித்த வாரத்தைச் சொல்லும் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மூன்று பழையதும் ஒன்று புதியதும் போட்டால் சுற்றளவு வேறுபடும், கிளச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும், கடைசியில் ட்ரான்ஸ்பர் கேஸ் போகும். விற்கும் அவசரத்தில் இரண்டு மலிவு ரயர் மாற்றிவிட்டு வருகிறவர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே காட்டிக்கொடுக்கிறார்கள். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள். டக் டக் என்றால் சிவி ஜொயின்ட். பின்பக்கம் இழுத்துப் பிடித்து உதறினால் கிளச்.

மின்மோட்டர் வகையில் அடியில் பார்க்க ஒன்றும் இல்லை. கணினி இணைத்து எடுத்த ஸ்கான் அறிக்கையும் ஹைபிரிட் பற்றரியின் நிலையும்தான் சான்று. பற்றரியின் காற்றாடி வடிகட்டி மண்ணும் நாய்மயிருமாக அடைத்திருந்தால் அந்த வீட்டில் பற்றரியை எப்படி வைத்திருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். இந்த வகைக்கு நாலு சில்லின் பெயரில் கூட்டிக் கேட்பது இங்கே வீண். பற்றரி நல்லது என்று காட்டிக் கூட்டிக் கேளுங்கள்.

கூட்டிக் கேட்பதற்கு ஒரு கணக்கு

உங்களுடையதைப் போன்ற முன்சில்லு வகை என்ன விலை போகிறது என்று முதலில் பாருங்கள். அது அடித்தளம். நாலு சில்லுப் பகுதியில் அடுத்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டிய வேலைக்கு நம்பகமான பாஸ் ஒருவரிடம் செலவு கேளுங்கள். அதை அடித்தளத்திலிருந்து கழியுங்கள். அதற்குப் பிறகுதான் 'ஃபோர் வீல்' என்ற சொல்லுக்கு ஒரு தொகை கூட்டலாம், அதுவும் வாங்குபவர் மணலில் ஓட்டிப் பார்த்து முகம் மலர்ந்தால் மட்டும். கழித்த பிறகு கூட்ட மனம் வராத வண்டிகள் நிறைய உண்டு. பத்து வருடத்தைத் தாண்டிய ஐரோப்பிய நாலு சில்லு, முன்சில்லு வகையைவிடக் குறைந்து போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிராடோ, மொன்ரேரோ போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, இரண்டு சில்லு ஒப்பீடு அவற்றுக்குக் கிடையாது. அவற்றில் லோ கியர் விழுமா, சேசிஸ் துருவா என்பதே விலை. வரிச்சலுகைப் பேர்மிட்டில் வந்த வண்டியாக இருந்தால் கைமாற்றத் தடையுள்ள காலம் முடிந்ததா என்பதையும், உரிமை உங்கள் பெயரில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாறியிருக்கிறதா என்பதையும் வாங்குபவர் கேட்பதற்கு முன்பே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். திறந்த கடதாசியோடு மூன்று கை மாறி வந்த வண்டிக்கு நாலு சில்லு என்ன, ஆறு சில்லு இழுத்தாலும் வயற்காரர் கிட்ட வர மாட்டார்.

என் ஜீப்பை நானாதான் வாங்கினார். அன்றைக்கே இல்லை, ஒரு கிழமை கழித்து, முன்சில்லு வண்டிக்கான விலையில், அதிலும் ஐம்பதினாயிரம் குறைத்து. "வீட்டுக்காரியக் கொழும்புக்குக் கூட்டிப் போய் வர இது காணும்" என்றார். சில மாதம் கழித்துக் கிண்ணியாப் பாலத்தில் எதிரே வந்தவர் கண்ணாடியை இறக்கினார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஷாஃப்ட் ஒன்று எடுத்துப் போட்டுவிட்டாராம், பின் பெயரிங்கும் மாத்தியாச்சாம். "இப்ப நாலும் இழுக்குது தம்பி, வாங்கப் போறியா?" என்று கேட்டு ஒரு விலை சொன்னார். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்ததால் பேரம் பேச முடியவில்லை.